பனிமலையில் தனியாக ஓர் இரவு: ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைக்கு முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் தனியாக மலையில் தங்கப் போகிறேன் என்று சொன்னால், "எவ்வளவு குளிரும்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஸ்காட்லாந்து மலைகளைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: சாயங்காலம் டென்டுக்குள் நுழையும்போது உங்கள் உடுப்பு காய்ந்திருக்குமா?

இங்கே குளிர்காலத்தில் பல நாட்கள் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே ஏறி இறங்கும். காலையில் மழை, மதியம் ஈரப்பனி, இரவில் உறைபனி என்று ஒரே நாளில் மூன்றும் வரும். மைனஸ் 15-இல் விழும் பனி மாவு மாதிரி உதிரும், கையால் தட்டிவிட்டுப் போகலாம். பூஜ்யத்தில் விழும் பனி உடுப்பில் ஊறும். அதோடு 17 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது உள்ளிருந்து வியர்வை வேறு. துணி ஈரமாகிவிட்டால் உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்காது. கூட ஒருவர் இருந்தால் அவரிடம் காய்ந்த சட்டை இருக்கும், அடுப்பைப் பற்றவைத்துச் சூடாக ஏதாவது கொடுப்பார். தனியாகப் போனால் அந்த வசதி கிடையாது. அதனால் இந்த வழிகாட்டியில் உடுப்பு, நடை, டென்ட், சாப்பாடு என எதைப் பற்றிப் பேசினாலும் ஈரம் படாமல் இருப்பதைச் சுற்றியேதான் பேசப்போகிறேன்.

போகும் முன் கையில் இருக்க வேண்டிய பழக்கம்

கோடையில் தனியாக இரண்டு மூன்று முறையாவது டென்டில் தங்கியிருக்க வேண்டும். பனிக்காலத்தில் மற்றவர்களோடு பகல் நடை போயிருக்க வேண்டும். மேகம் இறங்கி இருபதடி தூரம்கூடத் தெரியாதபோது வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் வைத்து நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது இல்லையென்றாலும் இந்த வருடம் அதைக் கற்றுக்கொண்டு அடுத்த வருடம் போங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது, ஷூவுக்கு அடியில் கட்டும் உலோக முள் சட்டமான கிராம்பானை மாட்டிக்கொண்டு நடப்பது இரண்டையும் படித்தோ வீடியோ பார்த்தோ கற்றுக்கொள்ள முடியாது. சரிவில் வேண்டுமென்றே விழுந்து, கோடரியின் மூக்கைப் பனியில் அழுத்தி, உடம்பு தானாகச் செய்யும் வரை பழக வேண்டும். நாம் நடையைத் தொடங்கப்போகும் கிளென்மோர் என்ற இடத்திலேயே ஸ்காட்லாந்தின் தேசிய வெளிப்புறப் பயிற்சி மையமான கிளென்மோர் லாட்ஜ் இருக்கிறது. குளிர்காலத் திறன் வகுப்புகள் அங்கே நடக்கின்றன. புது ஜாக்கெட் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் அந்த வகுப்புக்குக் கட்டுங்கள் என்பேன்.

எந்த இடம், ஏன்

கெய்ர்ன்கோர்ம் தேசியப் பூங்கா 2003-இல் அமைக்கப்பட்டது. பிரிட்டனிலேயே பெரிய தேசியப் பூங்கா அதுதான். நடுவில் பரந்து கிடக்கும் பீடபூமியில் 1,309 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயி, 1,245 மீட்டர் கெய்ர்ன் கோர்ம் எல்லாம் இருக்கின்றன. எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறதே, இது என்ன உயரம் என்று நம்மூர் ஆட்கள் கேட்பதுண்டு. கெய்ர்ன் கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 278 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் பிரேமார் ஊரில் 1982 ஜனவரியில் மைனஸ் 27.2 டிகிரி வரை இறங்கியது.

அந்தப் பீடபூமியில் 1971 நவம்பரில் பள்ளி மாணவர் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. தஞ்சம் புகலாம் என்று நம்பியிருந்த சிறு குடிலை எட்ட முடியவில்லை. ஐந்து மாணவர்களும் ஒரு உதவிப் பயிற்றுநரும் திறந்த வெளியிலேயே இறந்துபோனார்கள். பிறகு, உயரத்தில் இப்படிக் குடில் இருப்பதே ஆட்களை ஆபத்துக்கு இழுக்கிறது என்று முடிவெடுத்து அதை 1975-இல் அகற்றினார்கள். முதல் தனிப் பயணத்துக்குப் பீடபூமி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அங்கே ஒதுங்க இடம் கிடையாது, அடையாளம் வைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது ரைவோன் கணவாய். லோக் மோர்லிக் ஏரிக்கரையில் இருக்கும் கிளென்மோரிலிருந்து காட்டுப் பாதையில் கிளம்பினால், லோகன் உவேன்யா என்ற பச்சை நிறக் குட்டி ஏரியைத் தாண்டி, சுமார் 4 கிலோமீட்டரில் ரைவோன் குடில் வரும். இப்படிப்பட்ட குடில்களை இங்கே பாத்தி என்பார்கள். பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, முன்பதிவும் கிடையாது. 1965-இல் தொடங்கிய பாத்தி சங்கத்தின் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். குடிலுக்கு நேர் மேலே மியால் அ வூகில் மலை, 810 மீட்டர். முதல் நாள் குடிலுக்கு அருகில் டென்ட் போட்டுத் தங்கி, மறுநாள் மலையேறி, மேற்குப் பக்கமாக இறங்கிக் காடு வழியாகக் கிளென்மோருக்கே திரும்பிவிடலாம். டென்ட் கிழிந்தாலும் அடுப்பு கைவிட்டாலும் நடக்கிற தூரத்தில் ஒரு கூரை இருக்கிறது. ஆனால் குடில் நிறைந்திருக்கலாம் என்பதால் அதை நம்பி டென்ட் இல்லாமல் போகாதீர்கள்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான திறந்த நிலங்களில் நடக்கவும் டென்ட் போட்டுத் தங்கவும் உரிமை உண்டு. ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது, வீடுகளையும் சாலைகளையும் விட்டு விலகி இருக்க வேண்டும், தடயம் எதையும் விட்டு வரக் கூடாது. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் நில உரிமையாளரைக் கேட்காமல் இப்படித் தங்க முடியாது.

லண்டனிலிருந்து வருபவர்களுக்கு வழி எளிது. யூஸ்டன் நிலையத்தில் சனி தவிர மற்ற இரவுகளில் புறப்படும் இன்வர்னெஸ் படுக்கை ரயில் காலையில் பக்கத்து ஊரான ஏவிமோரில் நிற்கும். அங்கிருந்து கிளென்மோருக்குப் பேருந்து உண்டு.

எப்போது

டிசம்பர் கடைசியில் ஏவிமோரில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை போவதுதான் நல்லது. பத்து மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும், மேலே பனியும் நன்றாகவே இருக்கும்.

தேதியை ஒன்றாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூன்று வார இறுதிகளை ஒதுக்கி வையுங்கள். டிக்கெட் எடுத்தாயிற்றே என்பதற்காகக் கெட்ட வானிலையில் கிளம்புவதைப் போல ஆபத்தானது வேறில்லை.

இரண்டு முன்னறிவிப்புகள், ஒரு கணக்கு

முதலாவது மலை வானிலைத் தகவல் சேவை, அதாவது எம்.டபிள்யூ.ஐ.எஸ். நகரத்துக்கான வானிலை செயலி இங்கே உதவாது. இந்தச் சேவை மலை உச்சிக்கான காற்று வேகம், அந்தக் காற்றில் நடக்க முடியுமா, மேகம் எந்த உயரம் வரை மூடும், வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கும் உறைநிலை எந்த உயரத்தில் என்று தனித்தனியாகச் சொல்லும். நான் முதலில் பார்ப்பது உறைநிலை உயரத்தை. அது 300 மீட்டருக்குக் கீழே நிலையாக இருந்தால் டென்ட் போடும் இடத்தில் காய்ந்த பனி கிடைக்கும். இரவு 300, மறுநாள் மதியம் 1,000 என்று இருந்தால் பனியில் ஆரம்பித்து மழையில் முடியும். நேராக மைனஸ் 8 என்று போட்டிருப்பதைவிட இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு மைனஸ் 15 போல இருக்கும். உச்சியில் மணிக்கு 40 மைலுக்கு மேல் சொல்லியிருந்தால் உச்சியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தினமும் வரும். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆபத்து நிலை இருக்கும், எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரம் என்று வட்டப் படத்தில் நிறம் போட்டுக் காட்டுவார்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நிகழ்கிறது. நமது பாதை மொத்தத்தில் மிதமானதுதான். ஆனாலும் வடக்கு கெய்ர்ன்கோர்ம் பகுதிக்கு மூன்று அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால், தனியாகப் போகிறவர் கணவாயோடு நிறுத்திக்கொண்டு வந்த வழியே திரும்புவதுதான் சரி. பனியில் புதைந்தவரைத் தோண்டி எடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மிடம் இல்லை.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி போதும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பனியில், பாரத்தோடு என்றால் அதை இரட்டிப்பாக்குங்கள். குடிலிலிருந்து உச்சிக்குச் சுமார் 2 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். விதிப்படி ஒரு மணி ஐந்து நிமிடம், பனியில் இரண்டே கால் மணி நேரம். இறங்க இன்னும் இரண்டு மணி நேரம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குள் கீழே. இவ்வளவு மிச்ச நேரம் இருப்பதால்தான் இந்தப் பாதையைச் சொல்கிறேன்.

ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்

"வார இறுதிக்கு மலைக்குப் போறேன்" என்று சொல்வது போதாது. தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து, பொறுப்பான ஒருவருக்கு அனுப்புங்கள். பாதை, டென்ட் போடும் இடம், மாற்றுத் திட்டம், டென்டின் நிறம், ஜாக்கெட்டின் நிறம் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி வரி மிக முக்கியம்: "ஞாயிறு மாலை 6 மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, அதன் பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லவும்." நேரத்தைச் சுற்றி வளைக்காமல் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நள்ளிரவு வரை தவிப்பார்.

கணவாயில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. உங்கள் எண்ணிலிருந்து 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பதிவு செய்து வையுங்கள். பேச முடியாத அளவு பலவீனமான சிக்னலிலும் அவசரச் செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. ஐபோன் 14-உம் அதற்குப் பிறகு வந்தவையும் பிரிட்டனில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும். தனியாகப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற தனிக் கருவியையே வாங்கிவிடுங்கள். போனின் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும்.

உடுப்பு

பருத்தி கூடவே கூடாது. பனியன், ஜீன்ஸ், சாக்ஸ் எதிலும் வேண்டாம். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். நடக்கும்போது பெரும்பாலும் இவ்வளவுதான். இது தவிர ஒரு பெரிய தடித்த ஜாக்கெட் பையின் மேல்பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். அது நிற்கும்போது போட்டுக்கொள்ள மட்டும். ஸ்காட்லாந்தின் ஈரத்துக்கு இறகு ஜாக்கெட்டைவிட செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் மேல் என்பது என் கருத்து. கொஞ்சம் கனம்தான், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

ஒரு முழு செட் காய்ந்த உள்ளுடுப்பும் சாக்ஸும் தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். அது தூங்குவதற்கு மட்டும். நடையில் எவ்வளவு நடுங்கினாலும் அதைத் தொடக் கூடாது.

கையுறை மூன்று ஜோடி வேண்டும்: நடக்க ஒரு மெல்லியது, காற்றுக்கு ஒரு தடித்தது, பையிலேயே காய்ந்திருக்க விரல் பிரியாத பெரியது ஒன்று. கையுறை ஒன்று காற்றில் பறந்தால் விரல்கள் போய்விடும், விரல்கள் போனால் ஜிப்பையும் மூட முடியாது, அடுப்பையும் பற்றவைக்க முடியாது. ஸ்கீ கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பனித்தூளை அள்ளி முகத்தில் அடிக்கும்போது அது இல்லாமல் கண்ணைத் திறக்கவே முடியாது.

ஷூ விறைப்பான அடியுள்ள பி1 வகையாவது இருக்கட்டும், அதற்கு சி1 வகை கிராம்பான் பொருந்தும். ரப்பரில் மாட்டும் சிறு முள் சங்கிலிகள் காட்டுப் பாதைக்குச் சரி, செங்குத்தான உறைபனிக்கு அவை ஆகாது.

படுக்கையும் டென்டும்

குளிர் கீழிருந்துதான் அதிகம் வரும். விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட் மெல்லியதாக இருந்தால் பயனில்லை, உங்கள் எடையில் நசுங்கிய பஞ்சு சூட்டைத் தடுக்காது. அந்த மேட்டின் ஆர்-மதிப்பு, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண், 5-க்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும்: ஃபோம் மேட் 2, அதன் மேல் காற்றடிக்கும் மேட் 4, மொத்தம் 6. தனியாகப் போகிறவருக்கு இந்த இரட்டை ஏற்பாடுதான் நல்லது. காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், 'லிமிட்' எண்ணை நம்பாதீர்கள். கம்ஃபர்ட் மைனஸ் 10 இருந்தால் கணவாய்க்குப் போதும்.

டென்ட் காற்றைத் தாங்க வேண்டும். சாதாரண மெல்லிய முளைகள் பனியில் நிற்காது. சிறு துணிப்பைகளில் பனியை அடைத்து, கயிறு கட்டி, குறுக்காகப் புதைத்து, மேலே மிதித்துவிட்டால் அரை மணியில் கல்லாக இறுகிவிடும். காசே செலவில்லாத இந்த முறையைவிட நம்பகமான முளையை நான் பார்க்கவில்லை.

அடுப்பு, சாப்பாடு, தண்ணீர்

கேஸ் டப்பா வாங்கும்போது கலவையைப் பாருங்கள். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குளிர்கால டப்பாதான் வேண்டும். இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது அடியில் ஃபோம் துண்டு ஒன்று போட்டுப் பனியில் படாமல் வையுங்கள். லைட்டர் ஈரமானால் வேலை செய்யாது, தீப்பெட்டி ஒன்றும் தனிப் பையில் இருக்கட்டும்.

ஓடை ஓடினால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது நல்லது. பனியை உருக்கத்தான் வேண்டுமென்றால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள், வெறும் பனியைப் போட்டால் அடி தீயும். பூஜ்யத்தில் இருக்கும் பனியைத் தண்ணீராக்க மட்டும் ஆகும் வெப்பத்தில், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அதனால் கேஸ் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நுண்குழாய் வகை ஃபில்டர் உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் நம் சமையலறை ரொம்பவே கைகொடுக்கும். ரவையை நெய்யில் நன்றாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, முந்திரி, காய்ந்த மிளகாய் தாளித்து, உப்பு, பெருங்காயம் சேர்த்து ஆறவைத்துப் பொட்டலம் கட்டுங்கள். மலையில் கொதிநீர் ஊற்றி மூடி, பாத்திரத்தைத் தொப்பிக்குள் பத்து நிமிடம் வைத்தால் உப்புமா தயார். அடுப்பு இரண்டு நிமிடம்தான் எரிந்திருக்கும். நடக்கும்போது தின்ன எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். சில சாக்லேட் பார்கள் குளிரில் பல்லை உடைக்கும் அளவு இறுகும், எள்ளுருண்டை பரவாயில்லை, அதுவும் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். கையுறையோடு பிரிக்க முடிகிற மாதிரி சிறு சிறு துண்டுகளாக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு 4,000 கலோரி வரை தேவைப்படும். பசித்த பிறகு தின்னலாம் என்று இருக்காதீர்கள், மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருங்கள்.

முதல் நாள்: வியர்க்காமல் நடப்பது

கிளென்மோரில் பையைத் தூக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருக்கிறதே என்று அப்படியே கிளம்பினால் பத்தாவது நிமிடம் முதுகு நனைந்துவிடும். ஃப்ளீஸைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். வாயால் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். நெற்றியில் ஈரம் தெரிந்த உடனே தொப்பியைக் கழற்றுங்கள், ஜாக்கெட்டின் அக்குள் ஜிப்பைத் திறங்கள், அதற்கும் மேல் என்றால் வேகத்தைக் குறையுங்கள். சோம்பல்படாமல் நின்று மாற்றுங்கள். அந்த இரண்டு நிமிடம் இரவு முழுக்கப் பலன் தரும்.

வழியில் நின்றால் முதலில் பெரிய ஜாக்கெட், அப்புறம்தான் தண்ணீர், படம் எடுப்பது எல்லாம். உறைந்த பச்சை ஏரியைப் பார்த்து நிற்காமல் யாராலும் போக முடியாது. ஏரிக்கரையில் வளைந்து நிற்கும் பழைய ஸ்காட் பைன் மரங்களின் சிவந்த பட்டையும் வெள்ளைப் பனியும் சேர்ந்து தெரிவது இந்தப் பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இந்த மலைகளில் கலைமான் கூட்டம் ஒன்றும் சுதந்திரமாகத் திரிகிறது, ஸ்வீடனைச் சேர்ந்த மிக்கேல் உட்ஸி 1952-இல் கொண்டுவந்த மந்தையின் வழிவந்தவை. எதிர்ப்பட்டால் விலகி வழிவிடுங்கள், தீனி கொடுக்காதீர்கள்.

டென்ட் போடும் ஒரு மணி நேரம்

மூன்று மணிக்குள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். வெளிச்சத்திலேயே எல்லாம் முடிய வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

பையை இறக்கியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன் பெரிய ஜாக்கெட்டைப் போடுங்கள். நடந்த சூடு உடம்பில் ஐந்து நிமிடம்தான் நிற்கும், போன பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். கையுறை ஈரமென்றால் அப்போதே மாற்றுங்கள். இரண்டு வாய் எள்ளுருண்டை தின்னுங்கள்.

அப்புறம் இடம். பள்ளத்தின் அடியில் வேண்டாம், குளிர்ந்த காற்று அங்கேதான் தேங்கும். மரத்தின் நேர் கீழேயும் வேண்டாம், கிளைப் பனி மொத்தமாக விழும். செங்குத்துச் சரிவின் அடிவாரம் அறவே கூடாது. டென்டைவிட இரண்டடி பெரிதாகப் பனியை மிதித்துச் சமமாக்கி, இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். மிதித்த பனி தானாக இறுகும். உடனே டென்ட் போட்டால் இரவில் உங்கள் முழங்கால் பட்ட இடமெல்லாம் குழியாகி, காலையில் அது அப்படியே உறைந்திருக்கும். அந்த இருபது நிமிடத்தில் முளைப் பைகளில் பனி நிரப்புங்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள்.

டென்டின் குறுகிய முனை காற்றைப் பார்க்கட்டும். வாசல் காற்றுக்குப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. பின்பக்கம் வைத்தால் அங்கேதான் பனி வந்து குவியும். துணியை விரிக்கும் முன் ஒரு மூலையை முதலில் முளையில் கட்டிவிடுங்கள். தனி ஆள் கையிலிருந்து டென்ட் பறந்துபோனால் அந்த இரவுக்குப் பாத்தி மட்டுமே துணை.

உள்ளே போகும் முன் உடுப்பிலும் ஷூவிலும் உள்ள பனியை ஒரு சின்ன பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டுங்கள். உள்ளே போன பனி எல்லாம் தண்ணீராகித்தான் மிஞ்சும். காய்ந்த உள்ளுடுப்புக்கு மாறுங்கள். ஈரச் சாக்ஸையும் மெல்லிய கையுறையையும் உள்ளுடுப்புக்கு மேல், வயிற்றோடு வைத்து ஜாக்கெட்டை மூடிக்கொள்ளுங்கள். சமைத்துச் சாப்பிடுவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

சமையல் டென்டுக்கு வெளியே. காற்று விடாவிட்டால் முன்வாசலில், கதவை நன்றாகத் திறந்து வைத்து. மூடிய டென்டில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும், எழுப்ப ஆள் இல்லை. விறகு நெருப்பு மூட்டாதீர்கள், இந்தக் காட்டுக்கு அது ஆகாது.

நீண்ட இரவு

பிப்ரவரிக் கடைசியில்கூடப் பதின்மூன்று மணி நேரம் இருட்டு. முதல் தடவை போகிறவர்களை அசைத்துப் பார்ப்பது இந்த நீளம்தான். துணி படபடக்கும், மரம் முறியும், ஏரியில் ஐஸ் விரியும் சத்தம் கேட்கும். எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரிந்துவிட்டால் மனசு அடங்கிவிடும். ஒரு புத்தகம் எடுத்துப் போங்கள்.

கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடி சரியாக இறுகியதா என்று தலைகீழாகக் குலுக்கிப் பார்த்து, சாக்ஸில் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். காலையில் அதுவே குடிதண்ணீர். மற்ற பாட்டில்களைத் தலைகீழாகப் பனியில் புதையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும், நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். போன், பவர் பேங்க், கேஸ், ஷூவின் உள்தகடு எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள். ஷூவைப் பையில் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள், வெளியே விட்டால் காலையில் கால் நுழையாது.

மூக்கும் வாயும் ஸ்லீப்பிங் பேக்குக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே மூச்சு விட்டால் அந்த ஈரம் முழுக்கப் பஞ்சில் இறங்கும். எவ்வளவு குளிரானாலும் டென்டின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். மூடினால் உங்கள் மூச்சே உள்துணியில் உறைந்து, விடியற்காலையில் முகத்தில் உதிரும். இரவில் குளிர்ந்து விழித்தால் ஒரு கடலை மிட்டாய் தின்றுவிட்டு, படுத்தபடியே வயிற்றை இறுக்கித் தளர்த்துங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், தூக்கம்தான் கெடும். அதற்கென்று ஒரு பாட்டில் அடையாளத்தோடு வைத்திருந்தால் வெளியே போக வேண்டியதில்லை. பெண்களுக்கான புனல்களும் கடைகளில் கிடைக்கின்றன, வீட்டில் பழகிவிட்டு எடுத்துப் போங்கள்.

காலை: உச்சிக்குப் போகலாமா

டென்டிலிருந்து வெளியே வந்து மூன்று விஷயம் பாருங்கள். உச்சி தெரிகிறதா, முகட்டிலிருந்து பனித்தூள் கொடி போலப் பறக்கிறதா, ராத்திரி எவ்வளவு புதுப்பனி விழுந்திருக்கிறது. உச்சி மறைந்திருந்து பனித்தூளும் பறந்தால் பாதையோடு திரும்புங்கள். ரைவோனில் இரவு தங்கியதே முழுப் பயணம்தான்.

போகலாம் என்றால் குடிலுக்குப் பின்னாலிருந்து பாதை நேராக ஏறும். பனி இறுகத் தொடங்கும் இடத்துக்கு முன்பே, கால் நன்றாக ஊன்றும் சமதளத்தில் நின்று கிராம்பானை மாட்டுங்கள். சறுக்க ஆரம்பித்த பிறகு மாட்ட முடியாது. கோடரி மேட்டுப் பக்கக் கையில் இருக்கட்டும். திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே எழுதி வையுங்கள்: பதினொன்றரைக்கு உச்சி வராவிட்டால் எங்கிருந்தாலும் திரும்புவது.

உச்சியில் காற்றுக்கு ஒதுங்கக் கல்லடுக்கு மதில் ஒன்று உண்டு. அதன் மறைவில் உட்கார்ந்து, இறங்கும் திசையைத் திசைகாட்டியில் வைத்துவிட்டு அப்புறம் எழுந்திருங்கள். மேகம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மேற்கே இறங்கினால் அடுத்த மலைக்கு நடுவே ஒரு தாழ்வான இடம் வரும், அங்கிருந்து இடப்பக்கமாக, தெற்கே, காட்டுக்குள் இறங்கும் பாதை கிளென்மோரில் விடும். முகட்டு ஓரங்களில் காற்று கட்டிய பனி விளிம்புகள் வெறும் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கலாம், விளிம்பைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி நடங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அதன் கெட்ட குணம், முதலில் புத்தியை மழுக்கிவிடும் என்பது. கூட இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டியதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, ஜிப் பிடிபடவில்லையா, தடுமாறுகிறதா, "அப்படியே கொஞ்சம் உட்காரலாம்" என்று தோன்றுகிறதா, உடனே நில்லுங்கள். டென்ட் போட்டு, காய்ந்த உடுப்புக்கு மாறி, இனிப்பாகச் சூடாகக் குடித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போங்கள். கடுமையாக நடுங்குகிற வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். சூடாகாமலே நடுக்கம் நின்றால் நிலைமை முற்றிவிட்டது, அதற்கு முன்பே உதவி கேட்டிருக்க வேண்டும்.

காது, மூக்கு, விரல் நுனி வெளுத்து மரத்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

உதவிக்கு 999 அல்லது 112. போன் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. இரவில் டார்ச்சாலும் இதையே செய்யலாம். மூன்று சத்தம் திரும்பி வந்தால் கேட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அவர்கள் வந்து சேரும் வரை நிறுத்தாதீர்கள். ஸ்காட்லாந்தில் மலை மீட்புக் குழுவினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. பணத்துக்குப் பயந்தோ கூச்சப்பட்டோ அழைக்காமல் இருக்காதீர்கள்.

திரும்பிய பிறகு

கிளென்மோரில் சிக்னல் கிடைத்ததும் முதல் வேலை, தாளை வைத்திருப்பவருக்குத் தகவல் சொல்வது. தேநீர் அதற்கு அப்புறம். நீங்கள் மறந்துவிட்டால் அந்தத் தன்னார்வலர்கள் ராத்திரியில் உங்களைத் தேடி மலையேறுவார்கள். குப்பை, கழிவறைக் காகிதம் எல்லாம் உங்களோடு கீழே வந்திருக்க வேண்டும். உறைந்த மண்ணைத் தோண்ட முடியாது, அதனால் மலத்தையும் இறுக மூடும் டப்பாவில் எடுத்து வருவதே முறை.

வீட்டில் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டி வைக்காமல் இரண்டு நாள் விரித்துக் காயப்போடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே பஞ்சில் ஈரம் இருக்கும். கோடரி, கிராம்பான் இரண்டையும் துடைத்துக் காய வைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

இதே ரைவோன் பாதையில் ஒருமுறை உறைபனியிலும் ஒருமுறை ஈர வானிலையிலும் தங்கிப் பழகிய பிறகு, அதே கணவாயிலிருந்து வலப்பக்கம் பிரியும் பாதையில் நெத்தி ஆற்றைத் தாண்டி 1,090 மீட்டர் பைனாக் மோருக்குப் போகலாம். அங்கே பாத்தி பக்கத்தில் இருக்காது, காற்றும் அதிகம். பனி வேகமாக உருகும் நாட்களில் இந்தப் பக்கத்து ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். போகும்போது எளிதாகத் தாண்டிய ஓடையைத் திரும்பும்போது தாண்ட முடியாமல் போகலாம். அதனால் உறைநிலை உயரம் ஏறும் என்று முன்னறிவிப்பு சொல்லும் வார இறுதியில் அந்தப் பாதையைத் தொடாதீர்கள்.